கறுப்புக்கு ஏழு, வெள்ளைக்கு ஏழு

என் மாமா இரண்டு பெட்டிகளையும் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அவர் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டுமாம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கார்த்திகை பாதியில் ஊருக்கு வருவதாகவும், வரும்போது டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கி வருவதாகவும் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எது வேணும்னு ரெண்டு பேரும் ஒரே வாயாச் சொல்லுங்க. ஆளுக்கொண்ணு சொன்னீங்கன்னா பெட்டியே கெடையாது. ஆளுக்கொரு கம்பளி வாங்கியாந்து போத்தி உட்டுருவேன்."

அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. கடைகளில் அந்த நாளில் இரண்டு பெட்டிகளுக்குள்தான் போட்டி. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவற்றுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. நாங்கள் நிறத்தைச் சொல்லித்தான் பேசினோம். அண்ணன் கறுப்புக் கட்சி. நான் வெள்ளை. ஏன் வெள்ளை என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணன் கறுப்பு என்பதைத் தவிர முதலில் என்னிடம் வேறு காரணம் இருந்திருக்காது. பிறகுதான் தேடித் தேடிக் காரணங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. சாப்பிடும்போது சண்டை, பள்ளிக்கூட பஸ்ஸில் சண்டை, பல் விளக்கும்போது நுரையோடு சண்டை. அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கம்பளியே வாங்கியாரச் சொல்றேன், மழைக்காவது ஆகும்" என்று போனை எடுத்துவிட்டாள். மாமாதான் வழி சொன்னார். நாமக்கல்லில் அவருடைய சேக்காளி ஒருவர் மணிக்கணக்கில் விளையாட விடுகிற கேம் கடை வைத்திருந்தார். அவரிடம் இரண்டு பெட்டியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் இரண்டையும் கொண்டுவந்து தரச் சொல்கிறேன், பொழுது சாய்வதற்குள் விளையாடிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்.

நாங்கள் இருந்தது புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே விலகிப் போகிற மண் தடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்குள். அப்பா அங்கே சூப்பர்வைசர். பண்ணைக்குள்ளேயே முதலாளி எங்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார். வீட்டை ஒட்டி மருந்தும் சாமான்களும் வைக்கிற ஸ்டோர் ரூம். முற்றத்தைத் தாண்டிக் குஞ்சுக் கொட்டகை. அதற்கும் அப்பால் முட்டைக்கோழிகளின் நீளமான ஷெட்டுகள். முட்டை எடுக்கிற ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால்தான் இரண்டாயிரம் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. இறங்கும்போது அவை முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்த வயதுக் குஞ்சுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. தகரக் குடை போல ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் பெரிய பல்புகளை இராப்பகலாக எரியவிட்டு, சுற்றிலும் தகடு வளைத்துக் குஞ்சுகளை அதற்குள் விட்டிருப்பார்கள். புரூடர் என்று சொல்வோம். அப்படி நான்கு புரூடர்கள். பல்பு அணைந்தால் குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கும். மேலே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பண்ணையில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும்தான் நடந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. ஞாயிறு காலை அம்மா குடையை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாள். கேம் கடைக்காரர் பத்து மணிக்கு மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார். உரச்சாக்கில் சுற்றிய இரண்டு பெட்டிகள், ஒயர்கள், இரண்டுக்கும் ஒரே பைக் ரேஸ் கேமின் டிஸ்க்குகள். எல்லாவற்றையும் டிவியில் மாட்டிக் காட்டிவிட்டு, "ஆறு மணிக்கு வாரேன் சாமி, தண்ணி கிண்ணி மேல பட்றாம பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனார்.

அண்ணன் ஒரு கணக்கு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடதுபக்கம் கறுப்பு, வலதுபக்கம் வெள்ளை என்று எழுதினான். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு மதிப்பெண். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் எழுத வேண்டும்.

விலை குறைவு என்று வெள்ளைக்கு முதல் மதிப்பெண் விழுந்தது. கறுப்பில் புதுவகைப் பட டிஸ்க்கும் ஓடும், கண்ணாடி போலத் தெரியும் என்று அண்ணன் ஒன்று வாங்கிக்கொண்டான். அப்படிப்பட்ட டிஸ்க்கை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வெள்ளையின் ஜாய்ஸ்டிக்குக்கு இரண்டு பென்சில் செல் போட வேண்டும், கறுப்பை ஒயரில் சொருகினால் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும், அதற்கு ஒன்று. ஆனால் வெள்ளைதான் கைக்கு வாகாக உட்கார்ந்தது, கறுப்பு பொம்மைபோல லேசாக இருந்தது, அதற்கு ஒன்று. வண்டி முட்டினால் வெள்ளை கையில் அதிரும், கறுப்பு அதிராது, அதற்கும் ஒன்று. கறுப்பு சத்தமே போடாது. வெள்ளை கிரைண்டர் மாதிரி இரைந்தது. அதன் கரண்ட் அடாப்டர் அரைச் செங்கல் அளவு இருந்தது. கறுப்பில் இன்டர்நெட் வழியாக வெளியூர்க்காரர்களோடு காசில்லாமல் விளையாடலாம். எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது, போனே அப்பாவிடம் ஒன்றுதான். ஆனாலும் அதற்கு ஒரு மதிப்பெண் போக வேண்டியதாயிற்று. என்னுடைய பெரிய ஆயுதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வெள்ளைக்கு சேலத்தில் ஐம்பது ரூபாய்க்கு காப்பி டிஸ்க் கிடைக்கும், கறுப்புக்கு அசல் டிஸ்க்தான், ஒன்று வாங்கவே மாமாவின் கால் மாதச் சம்பளம் போகும். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரே கேமை வருஷம் முழுக்க விளையாடுவாயா என்று கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு வெள்ளைப் பக்கம் எழுதினான். அந்த எழுத்தின் கோபம் அடுத்த பக்கம் வரைக்கும் பதிந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்து தீர்ந்துவிட்டது, நாமக்கல் போய் வாங்கி வர வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அரை மணிக்கு ஒருக்கா கொட்டாய்க்குப் போயி எட்டிப் பாரு கண்ணு. படுதாவத் தூக்காத, சந்துல பாத்தாப் போதும். பாப்பியா?"

"பாக்கறேனுங்கப்பா" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் பாக்கறேனுங்க" என்றேன் நான், அதேபோல.

அப்பாவின் பைக் தடத்தில் சறுக்கிச் சறுக்கிப் போகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் நன்றாக இருந்ததாம்.

ஒரு மணி சுமாருக்கு மதிப்பெண் கறுப்புக்கு ஏழு, வெள்ளைக்கு ஏழு என்று வந்து நின்றது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பரீட்சை. எது வேகம்? இரண்டிலும் ஒரே கேமை ஒரே நேரத்தில் தட்டினால் எதில் வண்டி முதலில் ரோட்டுக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் டிவி கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாறி மாறிப் போகும், அதனால் ஒரே டிவி போதும். ஆனால் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அறையில் இரண்டு பிளக் ஓட்டைதான். ஒன்றில் டிவி, ஒன்றில் கறுப்பு.

"உன்ற பெட்டிக்கு நீயே கரண்டு பாத்துக்க" என்றான் அண்ணன்.

ஸ்டோர் ரூமில் நீள ஒயர் ஒன்று சுருட்டி மாட்டியிருந்தது. அங்கே சுவரில் இரண்டு பிளக் இருந்தன. ஒன்றில் தடுப்பு மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ். அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே மிரட்டல் அதுதான். மற்றொன்றில் தடித்த கறுப்பு பிளக் சொருகியிருந்தது. அது தண்ணீர் மோட்டாருடையது என்பது எனக்குத் தெரியும். தொட்டியும் முந்தின நாளே நிறைந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, நீள ஒயரைச் சொருகி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்து வந்தேன். வெள்ளையின் விளக்கு பச்சையாக எரிந்தது. ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

பரீட்சை ஒரு தடவையில் முடியவில்லை. முதல் தடவை நான் முந்தி அமுக்கிவிட்டதாக அண்ணன் சொன்னான். இரண்டாம் தடவை அவன் முந்திவிட்டதாக நான் சொன்னேன். பிறகு கடிகாரத்தின் நொடி முள் பன்னிரண்டைத் தொடும்போது அமுக்குவது என்று வைத்தோம். அதன் பிறகு, வேகத்தைப் பார்த்தாயிற்று, வண்டி வளைவில் எதில் நன்றாகத் திரும்புகிறது என்று பார்க்கலாம் என்றோம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை இரைந்தது. டிவியில் பைக்குகள் அலறின. கொட்டகைப் பக்கம் போக வேண்டும் என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை. அவன் போவான் என்று நானும், நான் போவேன் என்று அவனும் இருந்தோம் என்று பிறகு சொல்லிக்கொண்டோம். அது உண்மை இல்லை. எங்களுக்குக் குஞ்சுகளே மறந்துபோயிருந்தன.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.

டிவி அணைந்தது. வெள்ளையின் இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. மழையும் அந்நேரத்துக்குத் தூறலாகியிருந்தது. அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. சூட்டில் நிம்மதியாக இருக்கிற குஞ்சுகள் மெதுவாகப் பேசிக்கொள்வது மாதிரி கத்தும். இது அப்படி இல்லை. கிறீச்சென்று, விடாமல், முற்றம் தாண்டி வந்தது.

இருவரும் ஓடினோம். கொட்டகைக்குள் இருட்டு. நான்கு புரூடரிலும் குஞ்சுகள் தகட்டோரம் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை இன்னும் உள்ளே புகப் பார்த்துத் துளைத்துக்கொண்டிருந்தன. அந்த மேடு அசைந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"கரண்டு போயி ஒரு நிமிசங்கூட ஆகல, அதுக்குள்ள எப்படி?" என்றான் அண்ணன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஜெனரேட்டர் போட அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஓடிப் போய்க் கயிற்றை இழுத்தான். மூன்றாம் இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. லைனை மாற்றுகிற ஹேண்டிலைத் திருப்பினான். வீட்டில் விளக்கு எரிந்தது, தூரத்து ஷெட்டுகளில் எரிந்தது. புரூடரில் எரியவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஸ்டோர் ரூமுக்கு ஓடி, நீள ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தரையில் கிடந்த தடித்த பிளக்கைச் சொருகினேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் படுதாச் சந்துகளில் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

திரும்பி ஓடினேன். வெளிச்சம் வந்த பிறகும் குஞ்சுகள் பிரியவில்லை. அண்ணன் ஒரு குவியலுக்குள் கையை விட்டு மேலே இருந்தவற்றை அள்ளி அள்ளிப் பல்புக்கடியில் விட்டுக்கொண்டிருந்தான். நான் அடுத்ததற்குப் போனேன். மேல் வரிசையில் இருந்தவை கையில் துள்ளின. அடுத்த வரிசை சோர்ந்திருந்தது. அடியில் இருந்தவை நனைந்த பஞ்சு மாதிரி கையோடு வந்தன. தலை தொங்கியது, கால் நீட்டியிருந்தது. நான் அழுதேனா என்று நினைவில்லை. அண்ணன் அழுதான். "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று சொல்லிக்கொண்டே அள்ளினான்.

அப்பாவின் பைக் எப்போது வந்தது என்று தெரியாது. நிமிர்ந்தபோது படுதாவைத் தூக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, துள்றதப் புடிக்காத. அது தானாப் போயிரும். கெடக்கறத எடு. எடுத்து இங்க வையி" என்று இரண்டு முட்டை அட்டைகளைக் கவிழ்த்துப் பல்புக்கு நேர் கீழே போட்டார். அவர் குரல் எப்போதும் போல இருந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

செத்தவை என்று நான் நினைத்தவற்றை எல்லாம் அந்த அட்டைகளின் மேல் வரிசையாக வைத்தோம். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தேய்த்தார், வாயருகே வைத்து ஊதினார். நூறுக்கு மேல் இருக்கும். நான் எண்ணப் பார்த்தேன், முடியவில்லை, கண் மங்கியது.

முதலில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். பிறகு அதன் பக்கத்தில் ஒன்று அலகைத் திறந்தது. ஒரு தலை எழுந்து விழுந்தது, மறுபடியும் எழுந்தது. கால் மணி நேரத்தில் அட்டை முழுக்க அசைய ஆரம்பித்தது. ஒன்று எழுந்து இரண்டு எட்டு வைத்து, கவிழ்ந்து விழுந்து, பக்கத்தில் இருந்ததை மிதித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தது. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இலேசாக நான் சிரித்ததில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போல இருந்தது.

கடைசியில் எழுந்திருக்காமல் போனவை பதினொன்று. மழைக்காலத்தில் முதல் வாரம், எதுவும் நடக்காவிட்டாலும் அவ்வளவு போகும் என்றார் அப்பா. நான்கு புரூடரிலும் குஞ்சுகள் வட்டமாகப் பரவி, சில தீவனத்தைக் கொத்தின. அந்தக் கிறீச் சத்தம் போய், பழைய பேச்சுச் சத்தம் வந்திருந்தது.

அப்புறம்தான் அப்பா கேட்டார். "ஜெனரேட்டர் ஓடியும் பல்பு ஏன் எரியல கண்ணு?"

"தெரியலீங்கப்பா" என்றான் அண்ணன். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருந்தால் அது அவன் தலையில்தான் விழுந்திருக்கும்.

"நாந்தானுங்கப்பா" என்றேன். "வெள்ளப் பெட்டிக்கு ஓட்ட பத்தல. ஸ்டோர் ரூம்ல மோட்டார் பிளக்குன்னு நெனச்சுப் புடுங்கீட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒரு மணி இருக்குமுங்க."

அண்ணன் குனிந்துகொண்டே சொன்னான். "நான் ஒருக்காத்தான் பாத்தனுங்கப்பா. அப்புறம் போகவே இல்லீங்க."

அப்பா எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. நான் அடிக்குக் காத்திருந்தேன். அடித்தால் பரவாயில்லை, குஞ்சுகள் பிழைத்துவிட்டன என்று இருந்தது. அவர் வந்து தகட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மழையில கொட்டாய் சுவிச்சு நனஞ்சு போச்சுன்னு நேத்து எலக்ட்ரீசியன் மோட்டாரக் கழட்டிட்டு, அந்த எடத்துல பல்பு லைன மாட்டிட்டுப் போனான். அத உங்க ரெண்டு பேருகிட்டயும் நான் சொல்லியிருக்கோணும். சொல்லாமப் போயிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, முற்றத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் கையைக் கழுவப் போனேன்.

நாலரைக்கு முதலாளி போன் செய்தார். ஞாயிறு மாலை வழக்கமாகக் கேட்பது போலக் குஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார். அப்பா கொட்டகை வாசலில் நின்று பேசினார். எங்களுக்கு அவர் பக்கம் மட்டும் கேட்டது.

"நல்லா இருக்குதுங்க. ஒரு தப்பு நடந்து போச்சுங்க. பிளக்க நாந்தானுங்க மாத்திப் புடுங்கீட்டேன். இல்லீங்க, சீக்கிரமாப் பாத்துட்டனுங்க. பதினொண்ணுதானுங்க."

பிறகு நெடுநேரம் மறுபக்கம்தான் பேசியது. அப்பா "சரீங்க" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "சரீங்க". அண்ணன் விரல் விட்டு எண்ணி என்னிடம் காட்டினான், ஒன்பது சரீங்க. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பா பொய் சொல்கிறாரே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்கிறவர் அவர்தான். ஆனால் அந்தப் பொய் எனக்குச் சௌகரியமாக இருந்ததால் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போனைச் சட்டைப்பையில் வைக்கப் போய், சட்டை இல்லை என்பதைக் கண்டு, இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் வீட்டுக்குள் வந்தார். கரண்ட் வந்திருந்தது. நாங்கள் பயந்து பயந்து பெட்டிகளை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"அதுக்குள்ள எதுக்குக் கட்டறீங்க? ஆறு மணிக்குத்தான வாராரு. எனக்கொருக்காக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

நாங்கள் வாயைப் பிளந்தோம். அப்பா அதுவரை செல்போனில் பாம்பு விளையாட்டுக்கூட ஆடியதில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அண்ணன் கறுப்பைத்தான் மாட்டினான். அந்த நேரத்திலும் கட்சி விட்டுப் போகவில்லை. ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து, எது வேகம், எது பிரேக் என்று சொன்னான்.

பச்சை விளக்கு விழுந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. அப்பாவின் வண்டி அங்கேயே நின்றது, பிறகு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. "லெப்ட்டுங்கப்பா, லெப்ட்டு!" என்று கத்தினோம். அவர் உடம்பையே இடப்பக்கம் சாய்த்தார். வண்டி வலப்பக்கம் போய் முட்டியது. அவர் கையில் ஜாய்ஸ்டிக் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாருடி, கறுப்புலயும் வைப்ரேசன் இருக்குது! வெள்ளையில மட்டுந்தான்னு சொன்ன?" என்றான் அண்ணன்.

எனக்கு ஆத்திரம் வந்தது. காலையில் நான் பிடித்தபோது அது அதிரவே இல்லை. அந்த நேரத்தில்தான் கேம் கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் மழைக்கோட்டை உதறினார். அவரிடம் பஞ்சாயத்து வைத்தோம். "அந்த மாடல்ல வைப்ரேசன் கெடையாதே தம்பி" என்றார் அவர். அண்ணன் நம்பவில்லை. அப்பா ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு சாமி" என்றார். ஐந்து தடவை ஆடினார். ஐந்திலும் கடைசி.

இரவு மாமா கூப்பிட்டார். "என்ன முடிவு?" என்றார். எனக்கு வெள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "கறுப்பு" என்றேன். அதே நொடியில் அண்ணன் "வெள்ளை" என்றான். பாப்பாவுக்கு, அதாவது எனக்கு, அதுதான் பிடிக்கும் என்றான். ஒரு வாரமாக எனக்குத் தராத ஒன்றை அவன் அப்படிக் கொடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. அவனும் என்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை. அதற்கும் ஒரு சண்டை போட்டோம். மாமா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். கார்த்திகையில் வந்தபோது வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தார், கூடவே ஆளுக்கொரு கம்பளியும்.

அந்தப் பெட்டி ஆறேழு வருஷம் ஓடியது. அப்பா அதன் பிறகு ஒரு நாளும் அதைத் தொடவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

அப்பா வேலையை விட்டு நின்று, நாங்கள் சொந்தமாக ஒரு வீட்டுக்குக் குடிபோன பிறகு ஒரு நாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அப்பாவுக்கு முன்னால் அந்தப் பண்ணையில் இருந்த சூப்பர்வைசர் காலத்தில் இதே போல ஒரு மழை நாளில் பல்பு அணைந்து குஞ்சுகள் போயினவாம். மறுநாள் பொழுது விடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம் முதலாளி. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். சாமான்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் அந்த இரண்டு அறை வீடு எங்களுக்குக் கிடைத்தது. அன்று மாலை போனிலும் முதலாளி அதைத்தான் நினைவுபடுத்தினாராம். இந்தத் தடவை விடுகிறேன், இன்னொரு தடவை என்றால் நீயும் வண்டி பார்த்துக்கொள் என்று.

நான் மனதுக்குள் நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அந்த ஒன்பது சரீங்க முடிந்து, போனை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராக வந்துதான் அவர் எங்களோடு விளையாட உட்கார்ந்திருக்கிறார். அந்த வீடு எங்களுக்கு இன்னும் வீடாகவே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்து அப்போது ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவருடைய வண்டி சுவரில் முட்டிய ஒவ்வொரு தடவையும் நான் கைதட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.